கர்ப்பிணியின் தட்டு: சுங்கை சிப்புட் வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற ஊரில் ஒரு பெண் கருவுற்றிருக்கும் செய்தி வெளியே தெரிந்ததும் அறிவுரைகள் வாசலுக்கு வந்துவிடும். மாமியார் குங்குமப்பூவைத் தேடுவார். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் ஏதோ வேரைக் காய்ச்சித் தருவதாகச் சொல்வார். மருந்துக் கடைக்காரர் கர்ப்பிணிகளுக்கான பால்மாவு டின் ஒன்றை அலமாரியிலிருந்து இறக்கி வைப்பார். மற்றதில் எவ்வளவு வேறுபட்டாலும் "இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும்" என்பதில் எல்லாரும் ஒன்றுபட்டு விடுவார்கள்.

அந்த ஒரு வரிதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த குடும்பங்களின் தட்டில் சோறு எப்போதும் நிறைய, கறி கொஞ்சம், கீரை அதைவிடக் கொஞ்சம். இரண்டு உயிருக்குச் சாப்பிடு என்றதும் சோறுதான் இரட்டிப்பாகிறது, மீன் துண்டு அதே ஒன்றாகவே நிற்கிறது. கர்ப்பிணிக்கு வேண்டியது நேர் எதிரானது. சோறு ஏறக்குறைய அப்படியே இருக்கட்டும். மீன், முட்டை, பருப்பு, கீரை ஆகியவை கூட வேண்டும். கிளாசில் விழும் சீனி குறைய வேண்டும். இதற்கு டின் பால்மாவு தேவையில்லை. பசாரும் வீட்டுக் கொல்லையும் போதும்.

முதல் படி: நாள் தள்ளிப்போகும் முன்பே

குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டான முதல் நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே அப்போது உறுதியாகத் தெரிந்திருக்காது. அதனால்தான் ஃபோலிக் அமில மாத்திரையைப் பிள்ளைக்கு முயலும் காலத்திலேயே தொடங்கச் சொல்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் எனப் பரிந்துரைக்கிறது. முந்தைய குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறை இருந்திருந்தாலோ, தாய்க்கு இனிப்பு நீர் நோய் (நீரிழிவு) அல்லது வலிப்பு இருந்தாலோ அளவு கூடும். அதை மருத்துவர் முடிவு செய்வார்.

பாசிப்பயறு, கொண்டைக்கடலை, வெண்டைக்காய், பச்சைக் கீரைகள் எல்லாவற்றிலும் ஃபோலேட் இருக்கிறது. ஆனால் நீண்ட நேரம் வேகவைத்தால் அதில் பெரும்பகுதி வீணாகிவிடும். நம் வீடுகளில் கீரையைக் குழையக் குழைய வேகவைத்து நீரை வடித்துக் கொட்டும் வழக்கம் உண்டு. இன்றோடு அதை விட்டுவிடலாம். வதக்கி இறக்குங்கள், அல்லது வெந்த நீரோடு பருப்பில் சேருங்கள். எப்படிச் சமைத்தாலும் கீரை மாத்திரைக்கு ஈடாகாது. இரண்டும் வேண்டும்.

இரண்டாம் படி: கிளினிக்கில் பெயர் பதிவு

12 வாரங்களுக்குள் அரசாங்கத் தாய் சேய் நலக் கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். அங்கே தரும் இளஞ்சிவப்புப் புத்தகம்தான் அடுத்த ஒன்பது மாதங்களுக்கும் உங்கள் சரித்திரம். எடை, இரத்த அழுத்தம், சிறுநீர்ச் சோதனை, ஹீமோகுளோபின் எல்லாம் அதில் ஏறும். அட்டையில் ஒட்டும் வண்ணக் குறியீடு வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என ஆபத்தின் அளவைக் காட்டும். மஞ்சள் ஒட்டினார்கள் என்று பயந்து அழ வேண்டாம். எந்த மருத்துவர், எவ்வளவு விரைவில் உங்களைப் பார்க்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது.

சாப்பாட்டுக்கும் இந்தப் புத்தகத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. முதல் வருகையில் பதியும் எடையையும் உயரத்தையும் வைத்துத்தான் நீங்கள் எவ்வளவு எடை கூடலாம் என்பது கணக்காகிறது. அளவான உடல்வாகுக்கு மொத்தம் 11.5 முதல் 16 கிலோ வரை. ஏற்கெனவே எடை கூடியவருக்கு 7 முதல் 11.5 கிலோ, அதையும் தாண்டிப் பருமனானவருக்கு 5 முதல் 9 கிலோ. மிகவும் மெலிந்தவருக்கு 12.5 முதல் 18 கிலோ. முதல் மூன்று மாதங்களில் ஒன்று, இரண்டு கிலோ கூடினால் போதும். கூடாமல் இருந்தாலும் பெரும்பாலும் பாதகமில்லை.

தாதி ஏதாவது மலாயில் சொல்லிப் புரியாமல் போனால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். திரும்பக் கேளுங்கள். "மிஸ்ஸி (தாதி) திட்டுவார்" என்ற பயத்தில் மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாமலே வீட்டுக்கு வரும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மூன்றாம் படி: மசக்கை மாதங்களைக் கடப்பது

இந்தக் காலத்தில் சத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம். உள்ளே தங்குவதைச் சாப்பிடுங்கள். முதல் மூன்று மாதங்களில் குழந்தைக்கென்று தனியாகச் சேரவேண்டிய கலோரி மிகக் குறைவு.

வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். படுக்கைக்குப் பக்கத்தில் உப்பு பிஸ்கட் அல்லது பொரி வைத்துக்கொண்டு, எழுந்து உட்காரும் முன் இரண்டு வாய் மென்றுவிட்டு, கால் மணி நேரம் கழித்து எழுந்திருங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு சின்ன வேளையாகப் பிரியுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் இடையில் குடியுங்கள். இஞ்சி பலருக்குக் கேட்கிறது. இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர் போதும், தேன் கட்டாயமில்லை. தாளிப்பு வாசம் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆறிய சாப்பாடு உதவும். தயிர்ச்சோறு, இட்லி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் எல்லாம் ஆறிய பின்னும் சாப்பிடக் கூடியவை. இந்தச் சில வாரங்களுக்கு அடுப்படியைக் கணவர் கவனித்தால் குடி முழுகிப் போகாது.

புளிப்பு கேட்பது இயல்பு. ஊறுகாய் மாங்காயும் உப்பில் ஊறிய பழங்களும் ஓரிரு துண்டு போதும், உப்பு அதிகம். எலுமிச்சை, தயிர், கொய்யா ஆகியவை நல்ல மாற்று.

தண்ணீர்கூட உள்ளே தங்காமல் வாந்தி வருகிறது, சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறது, எடை இறங்குகிறது என்றால் அது சாதாரண மசக்கை அல்ல. அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும். "எல்லாருக்கும் வருவதுதானே" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நான்காம் படி: தட்டைப் பிரிப்பது

மலேசியச் சுகாதார அமைச்சு பரப்பிவரும் "சுகு சுகு செப்பாரோ" முறை, கால் கால் அரை. தட்டில் கால் பங்கு சோறு அல்லது மாவுப் பண்டம், கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு போன்றவை, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். சொல்ல எளிது. நம் சமையலில் சாம்பாரும் குழம்பும் சோற்றின் மேலேயே ஊற்றப்படுவதால் எந்தப் பங்கு எது என்று தெரியாமல் போகிறது. அதனால் முதலில் காயையும் கீரையையும் தட்டில் போடுங்கள். அடுத்து மீனோ முட்டையோ. கடைசியாக மிஞ்சிய இடத்தில் சோறு. பரிமாறும் வரிசையை மாற்றினாலே அளவு தானாக மாறிவிடும்.

நான்காம் மாதத்திலிருந்து நாளுக்குச் சுமார் 300 கலோரி கூடுதலாகத் தேவை. கடைசி மூன்று மாதங்களில் 450-ஐ ஒட்டி. ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு கிளாஸ் பால் சேர்த்தால் 300 கலோரி கடந்துவிடும். ஒரு வேளைக்கு இன்னொரு தட்டுச் சோறு என்பது கணக்கில் எங்கும் இல்லை. புரதம் மட்டும் கடைசி மாதங்களில் நன்றாகவே கூட வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராமை ஒட்டி, அதே எடைத் தெம்பேயிலும் (புளிக்க வைத்த சோயாக் கட்டி) கிட்டத்தட்ட அவ்வளவு.

தெம்பேயை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நம்மவர்களில் பலர் அதை மலாய்க்காரர் உணவு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மலிவாகக் கிடைக்கிறது. மஞ்சள், மிளகாய்த்தூள் தடவிச் சிறிது எண்ணெயில் வறுத்தால் வாழைக்காய் வறுவலோடு போட்டி போடும். சைவர்களுக்கு மிக நல்லது. சுத்த சைவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வைட்டமின் பி12 செடிகளிலிருந்து கிடைக்காது. பாலும் தயிரும் தினமும் சேர வேண்டும், முட்டை சாப்பிடுவதில் தடையில்லாதவர் முட்டையும் சேர்க்கலாம். பாலும் எடுக்காதவர் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மீனில் கெம்போங், சார்டின், நெத்திலி மூன்றும் சிறந்தவை. விலை குறைவு, ஒமேகா-3 கொழுப்பு அதிகம், பாதரசம் குறைவு. வாரத்தில் இரண்டு மூன்று முறை சாப்பிடலாம். பெரிய மீனைத்தான் கர்ப்பிணிக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற கௌரவப் பேச்சை ஒதுக்கிவிடுங்கள். பெரிய மீன் சின்ன மீனைத் தின்று வளர்வதால் பாதரசம் அதன் உடம்பில்தான் சேர்ந்துகொண்டே போகிறது.

ஐந்தாம் படி: இரத்தம்

கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் (டெசிலிட்டருக்கு) 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தச் சோகை. களைப்பு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் எல்லாம் அதனால் வரலாம். பிரசவத்தில் வழக்கமான அளவு இரத்தம் போனாலே தாங்காத நிலை வரும். குழந்தையும் எடை குறைவாக, குறை மாதத்தில் பிறக்க வாய்ப்புக் கூடும்.

கிளினிக்கில் பொதுவாக இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி, வைட்டமின் சி மாத்திரைகள் கொடுப்பார்கள். நம் வீடுகளில் இந்த மாத்திரைகள் அலமாரியில் தூங்கும். காரணம் கேட்டால் "மலம் கறுப்பாகப் போகிறது", "வயிறு கட்டுகிறது", "குமட்டுகிறது" என்பார்கள். கறுப்பு மலம் ஆபத்தில்லை, உறிஞ்சப்படாத இரும்பின் நிறம் அது. குமட்டினால் இரவில் படுக்கும் முன் சாப்பிடலாம். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், பழுத்த பப்பாளி, கீரை, மாலை நடை. அப்படியும் முடியவில்லையென்றால் வேறு வகை இரும்பு மாத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். சொல்லாமல் நிறுத்துவதுதான் கெடுதல்.

மாத்திரையை எதனோடு விழுங்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள பொருள்கள் இரும்பைப் பிடித்துவைத்து உடம்பில் சேரவிடாது. பாலும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் அதையே செய்யும். காலைப் பசியாறலோடு தே தாரேக் குடித்துக்கொண்டே இரும்பு மாத்திரையை விழுங்குவது மாத்திரையைக் குப்பையில் போடுவதற்குச் சமம். வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு ஒரு கொய்யாத் துண்டோ ஆரஞ்சோ சாப்பிடுங்கள். வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். தேநீர், பால் இரண்டையும் குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

சாப்பாட்டிலும் இதே விதி. முருங்கைக்கீரை, பாயம் கீரை, பருப்பு எல்லாவற்றிலும் இரும்பு உண்டு. செடியிலிருந்து வரும் இரும்பு எளிதில் சேராது. கீரைப் பொரியல் மேல் எலுமிச்சை பிழியுங்கள், தக்காளி சேருங்கள். சிறு துண்டு மீனோ கோழியோ அதே தட்டில் இருந்தால் கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேரும். முருங்கை கொல்லையில் நிற்கும்போது சத்து மாவு தேடி அலைபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இலையைத்தான் சொல்கிறேன். முருங்கை வேரையும் பட்டையையும் மருந்தென்று கர்ப்பிணிக்குக் கொடுக்கவே கூடாது.

இரத்தம் ஊறும் என்று ஈரல் வாங்கித் தருவது நம்மவர் பழக்கம். ஈரலில் இரும்பு நிறைய இருப்பது உண்மை. அதில் உள்ள வைட்டமின் ஏ அளவுக்கு மீறிப் போனால், முக்கியமாக முதல் மாதங்களில், கருவுக்குத் தீங்கு. பிள்ளை பிறக்கும் வரை ஈரலைத் தள்ளி வைப்பதே பத்திரம். ஸ்டௌட் (கறுப்பு பீர்) குடித்தால் இரத்தம் கூடும் என்று சில வீடுகளில் இன்னும் ஊற்றித் தருகிறார்கள். கூடாது. மதுவில் கர்ப்பிணிக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. கள்ளும் அதில் சேர்த்தி.

இன்னொரு விஷயம் வெட்கப்பட்டு மறைக்கப்படுகிறது. பச்சரிசி, மண், சாம்பல், சுண்ணாம்பு, ஐஸ் கட்டி ஆகியவற்றைத் தின்ன வேண்டும் என்ற அடக்க முடியாத ஆசை. இது "பிள்ளை கேட்கும்" ஆசை அல்ல. பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். தாதியிடம் சொல்லுங்கள், இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பார்கள்.

ஆறாம் படி: சீனி

2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். ஆகவே உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ, கூடப் பிறந்தவருக்கோ இருந்தால் அதை முதல் வருகையிலேயே சொல்லிவிடுங்கள். முந்தைய குழந்தை 4 கிலோவுக்கு மேல் பிறந்திருந்தால் அதையும்.

கர்ப்பகால இனிப்பு நீரைக் கண்டுபிடிக்கும் சோதனையை எல்லாரும் "சீனித் தண்ணீர் குடிப்பது" என்றுதான் சொல்கிறார்கள். இரவு முழுக்கப் பட்டினி இருந்து காலையில் இரத்தம் கொடுத்த பின் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி இரத்தம். பட்டினி அளவு (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 5.1 அல்லது அதற்கு மேல், இல்லாவிட்டால் இரண்டு மணி நேர அளவு 7.8 அல்லது அதற்கு மேல் இருந்தால் இனிப்பு நீர் என்று கொள்வார்கள். அபாயக் காரணங்கள் உள்ளவர்களுக்கு முதலிலேயே செய்வார்கள். முதலில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் திரும்பச் செய்வார்கள். 25 வயதைத் தாண்டியவர்களுக்கு வேறு காரணம் இல்லாவிட்டாலும் அந்த வாரங்களில் உண்டு. சோதனைக்கு முதல் நாள் சீனியை அடியோடு விட்டுவிட்டு "பாஸ்" ஆகப் பார்க்காதீர்கள். ஏமாறுவது தாதி அல்ல.

சீனி எங்கிருந்து வருகிறது? பலகாரத்திலிருந்து என்று நினைக்கிறோம். பலகாரம் பண்டிகைக்கு வருவது. தினமும் வருவது கிளாசில். காலையில் கெட்டிப் பால் ஊற்றிய தே தாரேக், பத்து மணிக்கு மைலோ, மதியம் சிரப், மாலையில் மறுபடி தேநீர். சோற்றைக் குறைத்துவிட்டேன் என்று சொல்லும் பெண்ணின் கிளாசைப் பார்த்தால் கதை வேறாக இருக்கும். கடையில் "குராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று சொன்னாலும் கெட்டிப் பால் விழுந்தால் சீனி விழுந்ததுதான். "தே ஓ கோசோங்" என்று கேளுங்கள், சீனியும் பாலும் இராது. முதல் வாரம் கசக்கும், பிறகு பழகிவிடும். காப்பி, தேநீர், கோலா எல்லாம் சேர்ந்து நாளுக்கு 200 மில்லிகிராம் காஃபினுக்குள் நிற்கட்டும். தோராயமாக இரண்டு கோப்பைக்குள்.

சோதனையில் இனிப்பு நீர் என்று வந்தால் சோற்றை அறவே நிறுத்திவிட வேண்டாம். பட்டினி குழந்தைக்கு உதவாது. சோற்றை ஒவ்வொரு வேளையும் சிறு கிண்ண அளவாகப் பிரித்து, கூடவே காயும் புரதமும் வைத்துச் சாப்பிடுங்கள். வெள்ளை ரொட்டிக்குப் பதில் ஆட்டா மாவு சப்பாத்தி. ரொட்டி சானாய் மாதத்தில் எப்போதாவது. பழச்சாறு வேண்டாம், பழமாகச் சாப்பிடுங்கள். துரியான் பருவத்தில் ஒரு சுளையோடு எழுந்துவிட வேண்டும், அது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் அறிவேன். சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டு முன் நடந்தால் சர்க்கரை அளவு இறங்கும். நாட்டுச் சர்க்கரையும் தேனும் இந்தக் கணக்கில் சீனிதான்.

ஏழாம் படி: எலும்புக்கு

நாளுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஒரு கிளாஸ் பாலில் 300 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். பால் பிடிக்காதவருக்குக் கேழ்வரகு பெரிய துணை. 100 கிராம் மாவில் சுமார் 340 மில்லிகிராம். அம்மன் கோயில் கூழ் வார்ப்பில் குடிப்பதோடு நிறுத்தாமல் வாரத்தில் சில நாள் கூழோ அடையோ செய்யலாம். நெத்திலியை எலும்போடு சாப்பிடுங்கள், ஆனால் ஊறவைத்து உப்பை இரண்டு முறை அலசிவிட்டு. தௌஹுவிலும் (சோயாக் கட்டி) சுண்ணாம்புச் சத்து உண்டு. சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பு, அளவாக.

எட்டாம் படி: வேலைக்குப் போகிறவருக்கு

பால் மரம் (ரப்பர்) சீவப் போன தலைமுறை விடியும் முன் வெறும் வயிற்றோடு கிளம்பியது. இன்று செம்பனைத் தோட்டங்களில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் பெண்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டிலிருந்து தொழிற்சாலை பஸ் ஏறுகிறார்கள். வெறும் வயிறு மட்டும் மாறவில்லை. பஸ் வரும் நேரத்தில் ஒரு மிடறு தேநீர், பத்து மணிக்கு கேன்டீனில் மீ கோரெங்.

முந்தின இரவே இரண்டு முட்டையை நன்றாக அவித்து வையுங்கள். ஒரு டப்பாவில் சுண்டல், இன்னொன்றில் வெட்டிய கொய்யா. காலையில் இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் பஸ்ஸுக்கு முன்பே சாப்பிட்டுவிடலாம். பத்து மணிக்குச் சுண்டல். மதியம் கேன்டீன் சோறு என்றால் சோற்றை அரையாக வைக்கச் சொல்லி, பொரித்த மீனுக்குப் பதில் குழம்பு மீனும் இரண்டு வகைக் காயும் எடுங்கள். மாலை வீடு திரும்பியதும் பழம், ஒரு கிளாஸ் பால். இரவு சப்பாத்தி, பருப்பு, கங்கோங் வதக்கல். இரும்பு மாத்திரை படுக்கும் முன்.

இரவு ஷிப்டில் இருப்பவர் வேலைக்குப் போகும் முன் முழுச் சாப்பாடும், நடு இரவில் சிறு உணவும், வீடு வந்ததும் இலேசான பசியாறலும் வைத்துக்கொண்டால் நெஞ்செரிச்சல் குறையும். கழிப்பறைக்கு அடிக்கடி போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று கர்ப்பத்தில் எளிதில் வரும். நாளுக்கு எட்டு முதல் பத்து கிளாஸ், இந்த வெயிலில் அதற்கு மேலும்.

வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பின் கடைசியாகச் சாப்பிடும் பழக்கத்தை இந்த ஒன்பது மாதமாவது விடுங்கள். கடைசியில் சட்டியில் மிஞ்சுவது குழம்புதான், மீன் அல்ல. இதை மருமகள் சொல்ல முடியாது. கணவர்தான் தன் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் படி: தவிர்க்க வேண்டியதும் வீண் பயமும்

உண்மையாகவே தவிர்க்க வேண்டியவை: காப்பிக் கடை அரைவேக்காட்டு முட்டை, சரியாக வேகாத இறைச்சியும் கடல் உணவும், காய்ச்சாத பச்சைப் பால், வெயிலில் நேரம் போன நாசி லெமாக் பொட்டலம். மாட்டுக்காரரிடம் வாங்கும் பாலைப் பொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். உலாம் வகைப் பச்சைக் கீரைகளைப் பலமுறை கழுவுங்கள், மண்ணிலிருந்து வரும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி கருவைப் பாதிக்கும். மரவள்ளிக் கிழங்கு ஜப்பான்காரன் காலத்தில் நம் பாட்டிமார்களைக் காப்பாற்றிய உணவு. நன்றாக வேகவைத்தால் இன்றும் நல்லதே. அரைகுறையாக வெந்தால் அதில் நஞ்சு இருக்கும். ஜாமு (மலாய் மூலிகை மருந்து), வேர்க் கஷாயம், பிரசவம் எளிதாக்கும் எண்ணெய் என்று வரும் எதையும் மருத்துவரைக் கேட்காமல் வாயில் வைக்க வேண்டாம்.

பப்பாளி? காயில் உள்ள பால் கருப்பையைச் சுருங்கத் தூண்டலாம், அதனால் காயும் செங்காயும் வேண்டாம். நன்கு பழுத்தது மலச்சிக்கலுக்கு நல்லது. அன்னாசி இரண்டு துண்டு சாப்பிட்டுக் கரு கலையாது. குங்குமப்பூ குழந்தையைச் சிவப்பாக்காது. நிறம் பெற்றோரின் மரபணுவில் இருக்கிறது, அந்தப் பணத்தில் ஒரு மாதத்துக்கான முட்டை வாங்கலாம். கறுப்புத் திராட்சை சாப்பிட்டால் பிள்ளை கறுக்கும் என்பதும் அவ்வகைப் பேச்சுதான்.

விரதம் பற்றிக் கேட்பவர் பலர். புரட்டாசிச் சைவமும் தைப்பூசச் சைவமும் இருக்கலாம், பருப்பும் தெம்பேயும் பாலும் கூட்டிக்கொண்டால் குறை வராது. ஒருவேளை மட்டும் சாப்பிடும் விரதமும் தண்ணீர் குடிக்காத விரதமும் வேண்டாம். இனிப்பு நீருக்கு ஊசி போடுபவர் எந்த விரதத்தையும் நினைக்கவே கூடாது. பால்குடத்தை அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம், முருகன் எங்கும் போய்விட மாட்டார்.

பத்தாம் படி: ஏழாம் மாதம் முதல்

வளைகாப்புக்குப் பலவகைச் சோறு கட்டி வந்து ஊட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் போதும். அடுத்த வீட்டு விருந்து, அத்தை வீட்டு விருந்து என்று அந்த மாதம் முழுக்கத் தொடரும் விருந்துகளில்தான் எடை எகிறுகிறது.

கருப்பை மேலே தள்ளுவதால் நெஞ்செரிச்சல் வரும். சிறு சிறு வேளையாகச் சாப்பிட்டு, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இரவுச் சாப்பாட்டை முடியுங்கள். காரத்தையும் பொரித்ததையும் குறையுங்கள். கருவாடு, அப்பளம், ஊறுகாய், பாக்கெட் மீ ஆகியவற்றின் உப்பைக் கவனியுங்கள். திடீரென்று முகமும் கையும் வீங்கினால், தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கினால் உப்பைக் குறைத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனை. அங்கிருந்து தேவைப்பட்டால் ஈப்போவில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

குழந்தை பெரிதாகிப் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்று கடைசி மாதத்தில் சாப்பாட்டைக் குறைக்கும் பழக்கம் சில குடும்பங்களில் உண்டு. குழந்தை எடை போடும் மாதமே அதுதான். குறைக்க வேண்டியது சீனியை.

பதினொன்றாம் படி: பத்தியம்

பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு, மிளகு, இஞ்சி சேர்த்த பத்தியக் குழம்பு நல்ல சாப்பாடு. குறை என்னவென்றால் காய்கறியும் பழமும் "குளிர்ச்சி" என்று தட்டிலிருந்து மறைந்துவிடுகின்றன, தண்ணீரை அளந்து கொடுக்கிறார்கள். பாலூட்டும் தாய்க்குத் தாகம் தீரும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். கீரையும் பழமும் இல்லாவிட்டால் தையல் போட்ட உடம்பில் மலச்சிக்கல் என்ன பாடு படுத்தும் என்பதைப் பெற்றவளைக் கேளுங்கள்.

பால் சுரக்கச் சுறாப் புட்டு செய்வது நம்மிடம் பழைய வழக்கம். பாதரசம் அதிகம் சேரும் மீன்களில் சுறா முன்னால் நிற்கிறது, தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். அதே மசாலாவில், அதே பக்குவத்தில் கெம்போங் மீனை அவித்து உதிர்த்துப் புட்டு செய்யுங்கள். ருசி குறையாது. பால் சுரப்பதைக் கூட்டுவது குழந்தை அடிக்கடி சப்புவதுதான். உடம்பு வலிக்குப் பிராந்தி வேண்டாம். தாய் குடிக்கும் மது பாலில் கலக்கும்.

இரும்பு மாத்திரையைக் கிளினிக்கில் சொல்லும் காலம் வரை தொடருங்கள். பிரசவமான முதல் வாரங்களில் தாதி வீடு தேடி வந்து தாயையும் சேயையும் பார்ப்பார். சாப்பாட்டுக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். அவர் வந்து உட்கார்ந்ததும் பத்தியம் சமைக்கும் அம்மாவையோ மாமியாரையோ அடுப்படியிலிருந்து கூப்பிட்டு, அவர் முன்னாலேயே கேளுங்கள்.